ஊற வைத்த வாளி

அந்தக் கடைக்காரன் மீது எனக்கு இன்றைக்கும் கோபம்தான். லிட்கம் என்கிற புறநகரில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்த காலம். வீட்டிலேயே பியர் போடுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையொன்றை ஒரு வெள்ளைக்காரன் பக்கத்தில் நடத்திவந்தான். உள்ளங்கை அளவு தகரப் பேணிக்குள் வெள்ளைப் பவுடரை அடைத்து, பியர் போடுகிற வாளியைக் கழுவ இதை விட்டால் வேறு கதியில்லை என்று சொல்லி, கொள்ளை விலைக்கு என் தலையில் கட்டினான்.

இந்த வேலை எனக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாவது பிள்ளை பிறந்து, ஞானஸ்நானத்துக்குச் சுவாமியிடம் நாள் குறித்திருந்தோம். என் மனைவியின் தமையன் மெல்பேர்னில் இருந்தார். நான் வீட்டில் பியர் போடத் தொடங்கியதைக் கேள்விப்பட்டு டெலிபோன் எடுத்தார். "மச்சான், உம்மட கழுநீரைக் குடிக்கவே நான் அவ்வளவு தூரம் வரவேணும்? கடையில ரெண்டு பெட்டி வாங்கி வையும்" என்றார். மன்னார்க்காரன் எனக்கு ரோசம் வந்தால் விடுவேனா? கடைப் பியர் ஒரு போத்தல்கூட என் வீட்டுப் படி ஏறாது என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிடமே என் மானம் முழுவதும் அந்தப் பிளாஸ்டிக் வாளிக்குள் போய்விட்டது.

வாளியைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊற வைத்து முதல் தரம் போட்டது புளித்தது. வினாகிரி தோற்கும். வாளியில் அழுக்கு இருந்திருக்கும் என்று நினைத்தேன். வேலையிடத்தில் ஒருவர், உடுப்புக்குப் போடுகிற பிளீச் போதும், மலிவு என்றார். அவர் பேச்சைக் கேட்டு, பிளீச்சில் ஊற வைத்து இரண்டாம் தரம் போட்டேன். ஆஸ்பத்திரி மணம் வந்தது, புளிப்பும் போகவில்லை. முற்றத்துப் புல்லில் ஊற்றினேன், புல்லும் கருகியது. அதன் பிறகுதான் அந்தப் பேணியை வாங்கினேன். சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு பகல் ஊற விடு, தேய்க்கவே தேவையில்லை என்றான் கடைக்காரன். அவன் சொன்னபடியே காலையில் ஊற வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் தரமும் புளித்தது.

ஞானஸ்நானத்துக்கு ஆறு கிழமைதான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை சுப்பர்மார்க்கெட்டில் பிள்ளையின் துணி ஊற வைக்கிற கறைப் பவுடர் வாங்கப் போனேன். சும்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பேணியில் எழுதியிருந்த அதே சாமான்! வாசனை போடாத மலிவுப் பெட்டி. பேணியைப் போல நாலு மடங்கு பெரிது, விலையோ அதில் காற்பங்கு. அட படுபாவி என்று அங்கேயே நின்று தமிழில் திட்டினேன். பக்கத்தில் நின்ற கிழவி தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, பெட்டியோடு பேணியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு நேரே அந்தப் பியர்ச் சாமான் கடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அவன் மேல் கொட்டினேன். அவன் மறுக்கவேயில்லை. ஓம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மலிவானது இருக்கிறதா என்று நீ கேட்கவில்லையே என்றான். கேட்கவில்லையாம்! பிறகு வாளிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, இதை எதால் தேய்த்தாய் என்று கேட்டான். நான் தேய்க்கவேயில்லை என்றேன். என் விரலைப் பிடித்து உள்ளே வைத்தான். சுற்றிவரக் கீறல். அதற்குள் புளிப்புக் கிருமி குடியிருக்கும், மலிவுப் பவுடரும் போகாது, என் பவுடரும் போகாது, புது வாளி வாங்கு என்றான். இந்தக் கேள்வியை அந்தப் பேணியை விற்க முதல் கேட்டிருக்கலாமே, நாசமாய்ப் போனவன்.

கொதிப்போடு வீட்டுக்கு வந்தேன். மனைவி குசினிக்குள் அடுப்பருகே பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள். வாளியை ஆர் தேய்த்தது என்று கத்தினேன். நான்தான் என்றாள். நான் வேலைக்குப் போன பிறகு, ஒவ்வொரு தரமும், சட்டி மினுக்குகிற கம்பிச் சுருளால் அடிவரை தேய்த்து வைத்திருக்கிறாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு. ஊறட்டும், நீ விடு என்று நான் சொல்லிவிட்டுத்தானே போனேன் என்று மறுபடி கத்தினேன்.

அவள் சத்தம் போடவில்லை. "பதினொரு வருசமா சாப்பிட்ட கோப்பையையும் 'ஊறட்டும், நீ விடு' எண்டுதான் வைக்கிறனீங்கள். பிறகு நான்தானே கழுவிறனான்? இதையும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

புது வாளி வாங்கினேன். மலிவுப் பெட்டிப் பவுடரில் நானே ஊற வைத்து, நானே அலசி, நானே கவிழ்த்து வைத்தேன். பியர் நன்றாக வந்தது. ஞானஸ்நானத்தன்று மச்சான் நாலு கிளாஸ் குடித்துவிட்டு, என்ன போட்டு வாளி கழுவுகிறீர் என்று கேட்டார். நான் பெருமையோடு பவுடர்க் கதையை எடுத்தேன். குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது.

"பவுடரைக் கேளாதேங்கோ அண்ணை. இந்தமுறை அவர் தானே கழுவினவர்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே தொட்டி நிறைய அன்றைய புரியாணிச் சட்டிகள் ஊறிக் கிடந்தன, கம்பிச் சுருள் உரசுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அன்றைக்கும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைக்காரன் மீதுள்ள கோபம் என்றைக்காவது ஆறலாம், என் மீதுள்ளது ஆறாது.