கூண்டுக்கு அடியில் இருந்த சேறு

கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்கு அடியிலிருந்து சேறு அள்ளி, அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் ஆறு வருடமாக என் வேலையாக இருந்தது. புழுவையும் சிப்பியையும் கண்ணால் எண்ணுவதில்லை. அவை சேற்றில் விட்டுப்போன டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துக் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்போம். அதையே என் சொந்த மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணை ஒன்றில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்காகச் செய்யச் சொன்னார்கள். சில நாள் வீட்டுச் சாப்பாடாவது கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டேன்.

அணையில் ஒரு மீனவரும் அவர் மனைவியும் கூண்டு வைத்திருந்தார்கள். முந்தைய கோடையில் அவர்களுடைய மீன்கள் ஒரே வாரத்தில் செத்து மிதந்திருந்தன. பரிசலில் இருந்தபடி நான் அடிச்சேற்றைத் தூக்கியதும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மீனவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நாங்க போட்டு மீனு தின்னாத தீனிதானுங்க மேடம் இது," என்றார்.

சேற்றை வைத்த ஐஸ் பெட்டியோடு மறுநாள் ஆய்வகத்துக்குப் போகத் தருமபுரியில் பஸ் ஏறினேன். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. வெயிலில் ஐஸ் உருகிக்கொண்டே வந்தது. சாலையோர ஓட்டல் ஒன்றில் கெஞ்சி, ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் கட்டிகளை வாங்கிவந்து போட்டேன். முன்னால் ஓர் ஓட்டுநர் லாரிக்குள் சிக்கிக்கிடந்தார். நானோ சேற்றை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஆய்வகத்தில் பார்த்தபோது டி.என்.ஏ. சிதைந்துபோயிருந்தது. மறுபடியும் அணைக்குப் போனேன்.

"ஐஸ் கரைஞ்சிடுச்சிங்கண்ணா. திரும்பவும் எடுக்கணும்."

"அதுக்கென்னங்க, ஏறுங்க," என்று பரிசலைத் தள்ளினார்.

முடிவு வர மாதக்கணக்கானது. நேரில் போய்ச் சொன்னேன். கூண்டுக்கு அடியில் அழுகலைத் தாங்கும் சில புழுக்களும் நுண்ணுயிர்களும் மட்டுமே இருந்தன. தள்ளிப்போனால் பலவகை உயிர்கள்.

"அதுங்க பேரெல்லாம் இன்னாங்க?" என்று அவர் மனைவி கேட்டார்.

பாதிக்குமேல் பெயர் தெரியாது என்றேன். நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தப் பட்டியலிலும் அவை இல்லை. "இவ்ளோ படிச்சவங்களுக்கே தெரியலீங்களா!" என்று சிரித்தார். கூண்டை ஆழமான பக்கம் மாற்றிவிட்டு, இந்த இடத்தைக் கொஞ்ச காலம் சும்மா விடலாம் என்று மட்டும் சொன்னேன்.

இருவரும் மூன்று நாள் கயிறு இழுத்துக் கூண்டை மாற்றினார்கள். அடுத்த வருடம் பழைய இடத்தில் சேறு எடுத்தபோது நாற்றம் குறைந்திருந்தது. புழுக்கள் திரும்பினவா என்று பார்ப்பதற்குள் திட்டம் முடிந்து, என் ஒப்பந்தமும் முடிந்தது. அந்தச் சேற்றை அடைத்த குழாய்கள் டி.என்.ஏ. பிரிக்கப்படாமல் ஆய்வக ஃப்ரீசரில் கிடக்கின்றன. பழைய மேலாளருக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

போன வாரம் அந்த மீனவர் போன் செய்தார். மீன்கள் நன்றாக இருக்கின்றனவாம்.

"ரிசல்ட் வந்துச்சிங்களா மேடம்?"

"இன்னும் இல்லீங்கண்ணா," என்றேன்.

"சரிங்க, மெதுவா வரட்டும்," என்று வைத்துவிட்டார்.