மச்சானை நிறுத்திய பெட்டி

லிப்ட் கதவு திறந்து நின்றால் போதும், அவர் உதடு தானாக விநாடிகளை எண்ணத் தொடங்கிவிடும். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இதே கதைதான். கதவு கொஞ்சம் தாமதித்து மூடினால் முகம் சுருங்கும். தொழில் லிப்ட் மெக்கானிக். பைத்தியம் அமெச்சூர் ரேடியோ: லைசென்ஸ் வாங்கி, சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு.

ஊருக்கு வெளியே குன்றின் மேல் அவருடைய சங்கத்துக்கு ஒரு ரிப்பீட்டர் உண்டு. கைக்கருவியிலிருந்து மெலிதாக வரும் பேச்சை வாங்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி திருப்பி அனுப்புகிற யந்திரம். போன மாதம் அது சூடேறிக் கருகியது. கருக்கியவர் யாரென்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும்: அவர் வீட்டு மாடியிலேயே குடியிருக்கும் மச்சான், மனைவியின் அண்ணன். மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தாரென்றால் லேசில் விடமாட்டார்; விடும்வரை யந்திரத்துக்கு ஓய்வில்லை. சம்சாரம் இறந்த பிறகு அந்த மனிதருக்கு ரேடியோவை விட்டால் வேறு பேச்சுத்துணை கிடையாது.

"புது மிஷின் வந்தாச்சு. இதுவும் எரிஞ்சா சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான். இனிமே பேச வேணாம்னு உங்க மச்சான்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார் சங்கத் தலைவர்.

மெக்கானிக் மறுத்துத் தலையாட்டினார். "அந்த மனுஷன்கிட்ட போயி பேசாதீங்கன்னு எந்த வாயால சொல்றது? ஒரு வாரம் குடுங்க. பொட்டி ஒண்ணு செஞ்சு மாட்டிடறேன்."

பழைய லிப்டிலிருந்து கழற்றிய சில ரிலே சுவிட்சுகள், ஒரு டைமர், ஒரு பிஸ்கட் டப்பா. அவ்வளவுதான் சாமான். யாராவது பேசினால் இந்தப் பெட்டி ரிப்பீட்டரை ஒலிபரப்ப வைக்கும். பேச்சு நீண்டால் அணைத்துவிடும். பேசியவர் பொத்தானை விட்டதும் ஒரு 'பீப்' கொடுத்து மறுபடி தயாராகும். சாப்பாட்டு மேசையெல்லாம் பற்றவைத்த ஈய வாடை.

"எங்கண்ணன் வாயை அடைக்கவா இந்த டப்பா?" என்று முறைத்தாள் மனைவி.

"நிறுத்துறது யாருக்கும் வரும். நின்ன லிப்ட் திரும்ப நகரணும், அதுலதான் இருக்கு வேலை" என்றார், தலை நிமிராமல்.

ஞாயிற்றுக்கிழமை குன்றில் பெட்டியை மாட்டிவிட்டு இறங்கினார். மாலையில் மச்சான் ஆரம்பித்துவிட்டார். குளியலறைக் குழாய் ஒழுகிய கதை. கூடத்து ரேடியோவில் குரல் கணீரென்று வந்தது. மெக்கானிக்கின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. சட்டென்று ரேடியோ அடங்கியது.

பெட்டி நிறுத்திவிட்டது, சரி. ரிப்பீட்டர் திரும்ப எழுந்திருக்குமா? எழாவிட்டால் நாளைக்கு மாடிப்படி ஏறி அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். மேல்தளத்திலிருந்து மச்சானின் பேச்சு மட்டும் இன்னும் மங்கலாகக் கேட்டுக்கொண்டிருந்தது, யாருக்கும் போய்ச் சேராமல். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியும் கத்தியை வைத்துவிட்டாள்.

ஒருவழியாக மேலே பேச்சு ஓய்ந்தது.

'பீப்.'

அப்பாடா! மனைவி வாய்விட்டே சிரித்தாள்.

"என்னப்பா, யாரும் பதிலே சொல்ல மாட்டேங்கிறீங்க?" ரேடியோவில் மச்சான்.

மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு மைக்கை எடுத்தார். "பாதியில விட்டுப்போச்சு மச்சான். குழாய்க்காரன் வந்தான்னீங்களே, அங்கேருந்து சொல்லுங்க."