நீரூற்றில் போட்ட எலுமிச்சம்பழம்

மலாயாவின் ஜொகூர் பாருவில், கடலைப் பார்த்த பூங்காவைத் தினமும் கூட்டியது நான்தான். அதன் நடுவிலிருந்த நீரூற்றைப்போல அழகான ஒன்றை அப்புறம் நான் எங்கும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். மூன்று அடுக்குக் கல்தட்டு. உச்சியிலிருந்து தண்ணீர் பக்கத்து மரக்கிளை உயரத்துக்கு எழும்பும். காற்று திரும்பினால் பெஞ்சிலிருக்கும் துரைசானி முகத்திலும் ரிக்‌ஷாக்காரன் முகத்திலும் ஒரே மாதிரி தெளிக்கும். அந்த ஊரில் ஆள் பார்க்காமல் நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

பம்பை ஓட்டுவது என் கணவர் வேலை. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த எங்களுக்கு அந்த வேலையும், அதோடு கிடைத்த ஓர் அறையும்தான் இருந்தன.

ஒருமுறை பம்பு கெட்டுப்போய் ஊற்று பல வாரம் வறண்டு கிடந்தது. பழுது பார்த்து மறுபடி ஓட்டுகிற அன்று சாயங்காலம் துரைமார் வருவதாக ஏற்பாடு. காலையிலேயே எங்களை வேலை வாங்கும் குமாஸ்தாவான கிராணி வந்தார். அவரும் தமிழர்தான்.

"இன்னைக்குத் தண்ணி ஏறலைன்னா மூட்டையைக் கட்டு. மறுபடி தோட்டத்துக்கே ரப்பர் பால் வெட்டப் போ" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஏற்றி நசுக்குவோம். பம்புக்கு அப்படி வைக்க இடமில்லை. அதனால் குங்குமம் தடவிய பழம் ஒன்றை ஊற்றின் அடித்தொட்டியில் போட்டேன். அவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. பழம் அடியில் போய் உட்கார்ந்தது.

தொட்டியிலிருந்து பம்புக்குத் தண்ணீரை இழுக்கும் குழாயின் வாயில் ஒரு கம்பிவலை உண்டு. சாயங்காலம் அவர் அதைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோதே துரைமார் வந்து பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. கிராணி அவசரப்படுத்த, வலையை மாட்டாமலே பம்பை ஓட்டினார்.

தண்ணீர் முழ உயரம் எழுந்தது. கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு விழுந்தது. கிராணி என் கணவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் கைகட்டி நின்றார். என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பம்பை நிறுத்துங்க" என்று கத்திவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகித் தொட்டியில் இறங்கினேன்.

"ஏய், வெளிய வா. துரைங்க முன்னால மானம் போகுது" என்றார் கிராணி.

"மானத்தை அப்புறம் பாத்துக்கலாம். குழாயில பழம் கிடக்கு."

தோள்வரை கைவிட்டுப் பழத்தைப் பிடுங்கினேன். வலையை வாங்கி நானே மாட்டினேன். ஓட்டச் சொன்னேன். நான் வெளியே வருவதற்குள் தண்ணீர் என் தலைக்குமேல் சீறி எழுந்து மரக்கிளையைத் தொட்டது. அதன் அடியில் நனைந்துகொண்டே அண்ணாந்து பார்த்தேன். துரைமார் கைதட்டினார்கள். கிராணியும் தட்டினார்.

வேலை போகவில்லை. இனிமேல் பூங்காவுக்குள் எலுமிச்சம்பழம் வரக்கூடாது என்று கிராணி உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு பம்பைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டிய ஒவ்வொரு தடவையும், வலை மாட்டியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்த பிறகே பழத்தைப் போட்டேன்.