சேவதி வீட்டு வெறும் மாடம்

புரிப் பக்கம், நிமாபடாவைத் தாண்டி குசபத்ரா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில், யார் வீட்டுத் துளசி பட்டுப்போனாலும் ஆள் சேவதி வீட்டுக்குத்தான் வரும். சந்தையில் நாற்று கிடைக்காமல் இல்லை. ஆனால் விலைக்கு வாங்கிய துளசி, அவர்கள் பேச்சில் பிருந்தாவதி, மாடத்தில் நிற்பாளே தவிர, வீட்டோடு ஒட்டமாட்டாள் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் தீர்ப்பு. பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அப்புறம் அதற்கு மேல்முறையீடு ஏது?

சேவதி குளித்துவிட்டுத்தான் விதையைத் தொடுவாள். காய்ந்த கதிரை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் உமி பறந்து, கடுகில் கால்வாசி தேறாத கறுப்பு விதைகள் மிஞ்சும். எறும்பு தூக்கிப் போகாமல் இருக்கச் சாம்பலில் பிசறிச் சட்டி மண்மேல் தூவுவாள். மண் போட்டு மூடமாட்டாள். வெளிச்சம் பார்த்தால்தான் அந்த விதை கண் திறக்கும். கையை நனைத்து உதறுவதுதான் அதற்குத் தண்ணீர். எட்டாம் நாள் சட்டி பச்சையாகிவிடும்.

அவளுக்கும் நரோத்தமுக்கும் பிள்ளை இல்லை. நரோத்தம் நிமாபடா - புரி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். குரல் என்றால் குரல். பஸ் ஆலமர நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் போடும் "புரீ புரீ புரீ"யில் ஆற்றுக்கு அக்கரையில் மேயும் மாடு தலை தூக்கும். மாலையில் வாசல் மிதிக்கும்போதே கேட்பார்.

"என்ன, உன் பொண்ணுங்கள்லாம் தண்ணி குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு. அப்பன்காரர் என்ன வாங்கிட்டு வந்தாரு?"

பாலாடைக்கட்டியைப் பொரித்துப் பாகில் போட்ட இனிப்புப் பொட்டலம் அவர் பையிலிருந்து வெளியே வரும். கார்த்திகையில் நாற்று வாங்க யாராவது வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். சேவதி கண் கலங்கி நாற்றைக் கையில் கொடுப்பாள், மகளைக் கட்டிக் கொடுப்பதுபோல. அவர் பின்னால் நின்று சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்... ரைட்!" என்பார். வந்தவள் சிரித்துவிடுவாள், சேவதியும் சிரித்துவிடுவாள். இருபத்தாறு வருஷக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

சித்திரையில் ஒரு நாள் நரோத்தம் சாப்பிட்ட இடத்திலேயே சரிந்தார். வாய் கோணி, பேச்சு நின்று, வலது கை சுருண்டுகொண்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த வீட்டில் உயிர் போகிறவர்களை முற்றத்துத் துளசி மாடத்தடியில் பாய் போட்டுக் கிடத்துவார்கள். அந்த மாடத்துத் துளசி இலை, புரி கோவில் பிரசாதச் சோற்றைக் காயவைத்த நிர்மால்யப் பருக்கை, ஒரு வாய் தண்ணீர். இது மூன்றும் நாக்கில் பட்டால் உயிர் சிக்கலில்லாமல் பிரியும். நரோத்தமின் அப்பா அப்படித்தான் போனார், அவர் அம்மாவும். இலை வேறு வீட்டு இலையாக இருக்கக்கூடாது. அன்றாடம் இவர்கள் ஊற்றிய தண்ணீரைக் குடித்த துளசிக்குத்தான் இவர்களை வழியனுப்பும் உரிமை.

கிடத்தினார்கள். நரோத்தமின் அக்கா ஹரமணி நிர்மால்யத்தோடு வந்து உட்கார்ந்தாள். நரோத்தமின் சுருண்ட வலது கை மாடத்தின் விளிம்பில், காய்ந்த கதிர்கள் தொங்கிய இடத்தில் கிடந்தது.

"இலையப் பறி சேவதி. கண்ணு சொருகுது பாரு."

சேவதி கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"இன்னிக்குத் துவாதசி அண்ணி."

துவாதசியில் துளசியைப் பறிப்பது அதன் தலையைக் கொய்வதற்குச் சமம். ஹரமணி பூஜைச் சாமான்கள் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடி பறிச்சு வச்சது இருக்குமே? பூஜைக் கிண்ணத்துல?"

"இல்ல."

இருந்தது. இரண்டு இலை. சேவதி முந்தானையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் துளசியைச் சாட்சி வைத்து அவள் சொன்ன முதல் பொய் அது.

பொழுது சாய்கையில் நரோத்தம் கண்ணைத் திறந்தார். மறுநாள் காலை பார்த்தால், மாடத்துத் துளசி வேரிலிருந்து நுனிவரை நின்ற இடத்திலேயே காய்ந்து கிடந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். இலை இல்லை என்றால் உயிருக்குப் போக்கு இல்லை. அன்றே மிச்சமிருந்த நாற்றுகளையெல்லாம் தெருவில் கொடுத்து முடித்தாள். விதைச் சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்தாள். வைகாசியில் ஊரில் ஒவ்வொரு மாடத்தின் மேலும் ஓட்டைப் பானை தொங்கி, வெயிலில் வாடாமல் துளசிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. சேவதி வீட்டு மாடம் மட்டும் வெறும் மண்ணாக நின்றது. எதிர்வீட்டுக்காரி வாசல் கூட்டும்போது அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஹரமணி விடுகிற ஆள் இல்லை.

"ஒரு விதையப் போட்டா என்னடி?"

"போட்டேன் அண்ணி. முளைக்கல."

"உன் கையில கல்லு முளைக்கும். யார்கிட்ட கதை விடுற? அவன் போகவும் முடியாம இருக்கவும் முடியாம தவிக்கிறான். நீதான் வாசல்ல குறுக்க நிக்கிற."

"நின்னா நிக்கிறேன். உங்களுக்கு மகன், மருமகள், பேரன்னு வீடு நெறைய ஆளு. எனக்கு அவர் ஒருத்தர்தான் அண்ணி."

ஹரமணி கோபத்தோடு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

நரோத்தம் தவிக்கத்தான் செய்தார். முதுகில் புண். புரட்டிப் படுக்க வைக்கும்போது அடித்தொண்டையில் ஒரு முனகல், அந்தப் பெரிய குரலில் மிஞ்சியது அவ்வளவுதான். கஞ்சிக் கரண்டியைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொண்டார். சுருண்ட வலது கையைப் பிரிக்கப் போனால் உடம்பே துடிக்கும், அதனால் அதை மேலோட்டமாகத் துடைத்து விட்டுவிடுவாள். கண் மட்டும் அவள் போகிற இடமெல்லாம் கூடவே போனது.

முதல் முளை வந்தது, அவரைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டும் கல்லின் விரிசலில். இரண்டு பச்சை இலை, வட்டமாக. அதை எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அடையாளம் தெரியும். சேவதி இரண்டு விரலால் அதைப் பிடுங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, துணியில் முடிந்து ஆற்றில் விட்டாள்.

அடுத்தது நிலைப்படி ஓரம். அப்புறம், பகலில் காற்றுக்காக அவர் கட்டிலைப் போடும் வேப்பமரத்தடியில் இரண்டு. அப்புறம் சாக்கடை ஓரத்துச் செங்கல் இடுக்கில், அவர் துணியை உதறும் இடம். ஒரு தூறல்கூட இல்லாத வெயிலில் வந்தன. செடி என்றால் வெளிச்சத்துப் பக்கம் சாயும். இவை எல்லாம் வீட்டுக்குள், அவர் படுத்திருக்கும் அறைப் பக்கம் சாய்ந்திருந்தன.

பிடுங்கப் பிடுங்க வந்தன. பதினொன்று பிடுங்கினாள். துளசி இல்லாத வீட்டில் துளசி மணந்தது. பட்டப்பகலில்கூடக் கொல்லைக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. தெய்வத்தோடு மல்லுக்கு நிற்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும், முளை கண்ணில் பட்டால் கை தானாகப் போனது.

ஆனி பிறக்கையில் ரஜ பண்டிகை வந்தது. அந்த மூன்று நாளும் பூமித்தாய் வீட்டுக்கு விலக்கு. ஏர் பூட்டக்கூடாது, மண்ணைக் கீறக்கூடாது, ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக்கூடாது. பெண்கள் வெறுங்காலை மண்ணில் வைக்காமல் பாக்குமட்டைச் செருப்புப் போட்டு நடப்பார்கள். ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் ஊஞ்சலில்.

முதல் நாள் காலை, கட்டில் காலுக்குப் பக்கத்தில், அவள் சாணி மெழுகிய தரையைப் பிளந்துகொண்டு ஒரு முளை நின்றது.

சேவதியின் கை போய்ப் பாதியில் நின்றது. அன்றைக்குத் துவாதசியைக் காட்டி ஹரமணியைத் தடுத்தாளே, இன்றைக்கு ரஜ அவள் கையைத் தடுத்தது. மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அடுப்பு பற்ற வைக்காத நாள் வேறு, செய்ய ஒரு வேலையும் கிடையாது. முக்காலியைப் போட்டு முளைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் நடுப்பகல். வெளியே ஊஞ்சல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முளைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. எறும்பு என்று நினைத்தாள். நகரவில்லை. அண்ணாந்து பார்த்தாள். கட்டில் விளிம்புக்கு வெளியே நரோத்தமின் சுருண்ட கை தொங்கிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் இம்மியளவு அசைந்தது. இன்னொரு புள்ளி விழுந்தது.

துவாதசி அன்று மாடத்து விளிம்பில் கிடந்த கை. காய்ந்த கதிர்கள்.

"நீங்களா?"

அவர் இமையை மூடி மெல்லத் திறந்தார்.

"நான் பிடுங்கப் பிடுங்க, நீங்க போட்டுக்கிட்டே இருந்தீங்களா?"

மறுபடி இமை மூடித் திறந்தது. இரண்டு மாத வியர்வையில் அந்த விதைகள் கைக்குள்ளேயே முளைத்திருக்க வேண்டாமா, அழுகியிருக்க வேண்டாமா? அதைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வந்ததெல்லாம் ஆத்திரம்தான்.

"ஊரு பொண்ணுங்களையெல்லாம் ரைட்டு ரைட்டுன்னு அனுப்பினீங்க. இப்ப என்னை ஒத்தையா நிறுத்தத்துல விட்டுட்டு நீங்க மட்டும் ஏறிப் போகப் பாக்குறீங்க, இல்ல?"

அவர் கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. சேவதி அந்தச் சுருண்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அழுதாள்.

நாலாம் நாள் பூமி தலை முழுகும் நாள். பூமித்தாயாக வைத்துக் கும்பிடும் அம்மிக்கு மஞ்சள் பூச வந்த ஹரமணி, நடைவாசலில் அப்படியே நின்றுவிட்டாள். சேவதி கட்டில் காலடியில் குந்தி, தரையை வட்டமாகக் கீறி, அந்த முளையைத் தாய்மண்ணோடு பெயர்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் ஏந்திப் போய் வெறும் மாடத்தில் நட்டாள்.

"தண்ணி நெறைய ஊத்திடாதே" என்றாள் ஹரமணி.

"எனக்கே சொல்லித் தரீங்களா அண்ணி?"

அதன் பிறகு நரோத்தம் கஞ்சிக்கு வாய் திறந்தார். அவர் தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்து, படுத்தபடியே மாடம் தெரியும்படி செய்தாள். தினமும் வந்து கணக்குச் சொன்னாள். "இன்னிக்கு நாலு இலை." "இன்னிக்கு ஆறு." ஒவ்வொரு இலைக்கும் அவரோடு இருக்கும் நாளில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தேதான் தண்ணீர் தெளித்தாள். ஒரு நாள் தெளிக்காமல் இருந்து பார்த்தாள். மத்தியானம் தாங்காமல் ஓடிப்போய்த் தெளித்தாள். பிள்ளையைத் தாகத்தில் வாடவிட்டுப் பழக்கமில்லாத கை. அந்த ஒன்றரை மாதம் அவர்கள் இருவரும் பழையபடி இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆடி நடுவில் ஒரு காலை, அவர் கண் மாடத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தது. சேவதி பஞ்சாங்கத்தை எடுத்துத் திதி பார்த்தாள். தடை ஒன்றும் இல்லை. ஹரமணிக்கு ஆள் அனுப்பினாள். குளித்து, ஈரப் புடவையோடு மாடத்துக்கு முன் நின்று மூன்று முறை கை தட்டி, "மன்னிச்சுக்கோ தாயி" என்று நகம் படாமல் இரண்டு இலை பறித்தாள்.

மாடத்தடியில் கிடத்தினார்கள். நிர்மால்யம், தண்ணீர், இலை. சேவதி அவர் காதருகில் குனிந்தாள். மாடத்துச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போலாம்... ரைட்."

சுருண்ட கை தானாகப் பிரிந்தது. உள்ளங்கையில் ஒரு துளசிக் கதிரின் வெறும் காம்பு. ஒரு விதை மிச்சமில்லை.

தீட்டுக் கழிந்த பதினோராம் நாள், இறந்தவரின் கட்டிலை வெளியே போட ஆட்கள் வந்தார்கள். தூக்கியவர்கள் தூக்கிய வாக்கில் நின்றார்கள். கட்டிலுக்கு அடியில், வெளிச்சம் எட்டாத அந்த இருட்டில், ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத தரை முழுக்கப் பச்சை. இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் நாலு இலை விட்டு, நாற்றாகப் பெயர்க்கத் தயாராக, கார்த்திகைக்கு வேண்டிய அளவு.

"இது எப்படி?" என்றாள் ஹரமணி. வந்தவர்களில் ஒருவன் வாசலுக்கு வெளியே போய்விட்டான்.

சேவதி குனிந்து ஒரு நாற்றின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இல்லை. பொண்ணுங்கள்லாம் தண்ணி குடிச்சாச்சா என்று கேட்கும் அந்த மாலை நேரத்துக் குரல் வாசலில் கேட்டதுபோல் இருந்தது. இன்னும் குடிக்கவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனாள்.