நாளைக்கு என்று எழுதிய கந்தோல்ஃபோ

கந்தோல்ஃபோ என்ற பெயரை லிபோரியா முதன்முதலில் கேட்டது அவளுடைய அம்மாவின் கடைசித் தங்கை வாயிலிருந்து, அதுவும் வசவாக.

"அந்தச் சேணம் தைக்கிறவனா? காலில சக்கரம் கட்டினவன்டி! பாட்டு எழுதுறானாம், சிசிலிக்கு விடுதலை வாங்கித் தர்றானாம். வீடு தங்குற ஆளே இல்ல."

சொன்ன சித்தியேதான் ஈஸ்டர் முடிந்ததும் அவர்கள் இருவரின் கல்யாணத்தில் முன்னால் நின்று பாதாம் மிட்டாய் வாரி இறைத்தாள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. இரண்டு தையல் போடுவார், எழுந்து வாசலுக்குப் போவார், ஒரு வரி முணுமுணுப்பார், திரும்புவார். ஆனாலும் மொச்சைக் கஞ்சி கொதிக்கும் நேரத்துக்கு வீட்டில் இருந்தார். லிபோரியாவுக்கு அது போதும். அதுவும் போய்விடுமோ என்றுதான் பயம்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் கோயில் சுவரில் ஒரு பாட்டை ஒட்டினார். கடைசி வரி, 'நாளைக்கு நமக்கு விடுதலை.' ஊர்ப் போலீஸ் சார்ஜன்ட் வடக்கு இத்தாலி ஆள், சிசிலிப் பேச்சு பிடிபடாது. மறுநாளே கலகம் என்று நினைத்து அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்.

லிபோரியா ஓடினாள். "ஐயா, எங்க பேச்சில 'வருவேன்', 'போவேன்' எல்லாம் கிடையாது. நாளைக்கும் வர்றேன்தான், பத்து வருஷம் கழிச்சும் வர்றேன்தான். நாளைக்குன்னா என்னைக்கோ ஒரு நாள்."

"அப்போ 'என்னைக்கோ'ன்னு மாத்தச் சொல்லும்மா. விட்டுடறேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னைக்கோன்னு சொன்னா எவன்யா எழுந்திரிக்கிறான்?"

சார்ஜன்ட் துப்பாக்கிக்காரர்களை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். மறுநாள் ஆட்டுக்காரன் ஆட்டை ஓட்டிப் போனான், கிழவிகள் பூசைக்குப் போனார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டார். "போய்யா, உன் நாளைக்கு முடிஞ்சுது."

அடைபட்டதைத் தாங்கியவருக்கு இது தாங்கவில்லை. போதாததற்குச் சவரக்கடை வீத்து தினமும் கத்தினான். "மேஸ்திரி, நாளைக்கு வந்துருச்சா?"

ஒரு காலையில் ஊசிப் பையை இடுப்பில் செருகினார். "ஊர் ஊராப் போய்ப் பாடுறேன் லிபோ. எங்கேயாவது நாலு பேர் எழுந்திரிக்கிறாங்களா பார்க்கிறேன்."

"எப்பங்க வர்றீங்க?"

"நாளைக்கு வர்றேன்."

மூன்று வருஷத்தில் பதினோரு கடிதம். பாதிரியார்தான் படித்துக் காட்டுகிறார். எல்லாவற்றிலும் கடைசி வரி அதே 'நாளைக்கு வர்றேன்.' சார்ஜன்டுக்கு அத்தனை விளக்கம் சொன்னவள், கடிதம் வந்த மறுநாள் மட்டும் ஒரு பிடி மொச்சை கூடப் போட்டுவிட்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள்.

கந்தோல்ஃபோ இப்போது அதே சிசிலியில், கத்தானியா நகரத்தில், துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு சேணக்கடை மாடியில் இருக்கிறார்.