தேதி முடிந்த பாலிசி

1. நோட்டீஸ்

பொது இன்சூரன்ஸில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வில்லியனூரில் ஓய்வாக இருந்தபோது, ஒரு காலையில் ராஜவேலு வந்தார். திருவாண்டார்கோயில் பக்கம் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்து, நொடித்து மூடியவர். கையில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் நோட்டீஸ். கூடவே தனலட்சுமி என்ற அம்மாள். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை ஏக்கர் அவருடையது.

"நீங்க ஏம்மா வந்தீங்க?" என்றேன்.

"இவர வுட்டா ஓடிப்பூடுவாரு சார். எங்க போனாலும் கூடவே போறேன்."

ஓடுகிற நிலைமையில் ராஜவேலு இல்லை. முட்டி வலி.

தனலட்சுமியின் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. பரிசோதனையில் குரோமியம். நிலத்தில் ஒரு பகுதி புல்லுக்குக்கூட ஆகவில்லை. மண்ணை அள்ளி அப்புறப்படுத்தி, தண்ணீரைச் சுத்திகரித்துத் தர வேண்டும் என்று ராஜவேலுவுக்கு உத்தரவு. அவரிடம் இருந்தது துருப்பிடித்த நாலு தொட்டி.

"இது எப்ப கொட்டுச்சு?"

"பெரிய புயல்ல கழிவுத் தொட்டி செவுரு சாஞ்சுதே சார், அப்ப. நீங்கதான அதுக்கு கிளைம் குடுத்தீங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். லயபிலிட்டி பாலிசி, அதாவது நம்மால் பிறருக்கு நேரும் சேதத்தை ஏற்கும் பாலிசி, இரண்டு வகை. ஒன்றில் கிளைம் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். மற்றதில் சேதம் நடந்த நாளில் இருந்தால் போதும். ராஜவேலுவிடம் இருந்தது இரண்டாம் வகை. மாசுபாட்டையும் சேர்த்து ஏற்கும் எண்டார்ஸ்மென்ட் என்ற இணைப்புத் தாளும் அதில் ஒட்டியிருந்தது. புயலுக்கு முந்தைய மார்ச்சில் என் டார்கெட் குறைந்ததால் நான்தான் வற்புறுத்தி அதை அவர் தலையில் கட்டியிருந்தேன். டார்கெட்டால் விளைந்த ஒரே நன்மை இது.

"அந்த வருஷ பாலிசி எங்க?"

"கொளுத்திட்டேன் சார்."

"எதை?"

"எல்லாத்தையும். வருஷா வருஷம் போகிக்கு. நீங்கதான சொன்னீங்க, தேதி முடிஞ்சா வெறும் பேப்பரு, போகில போடுங்கன்னு."

சொல்லியிருக்கிறேன். ரின்யூவலுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன், சிரிப்பார்கள். ஒருவர் கடைப்பிடிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

தனலட்சுமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவுரு சொன்னாராம், அவுரு கொளுத்துனாராம். நல்லா வந்து சேந்தீங்கபா ரெண்டு பேரும்."

2. அலமாரி

கம்பெனியில் பழைய பாலிசி நகல்களைக் கழித்துவிடுவார்கள், கிளைம் ஃபைல்கள்தான் மிஞ்சும். ஆனால் பட்டறைக்கு அனுமதி புதுப்பிக்க விண்ணப்பித்தால் பாலிசியின் ஜெராக்ஸை இணைக்க வேண்டும் என்பது விதி. எங்கே? நோட்டீஸ் அனுப்பிய அதே அலுவலகத்தில். மனு எழுதினேன். மூன்றாவது நடையில், நோட்டீஸ் டைப் செய்தவருக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே ஃபைல் கிடைத்தது. புயல் வருடத்துப் பாலிசி, எண்டார்ஸ்மென்ட்டோடு. கீழே என் கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு என் பழைய கிளைக்கே மூவரும் போனோம். இப்போதைய மேனேஜர் ஒரு இளம்பெண், கெட்டிக்காரர்.

"சார், அந்த வருஷத்துலதான் கொட்டுச்சுங்கறதுக்கு ப்ரூஃப் வேணும். அதோட, தெரிஞ்ச உடனே கம்பெனிக்குத் தகவல் குடுத்திருக்கணும். இத்தனை வருஷம் கழிச்சு வந்தா ரீஜனல் ஆபீஸ்ல ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

நானாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். தொட்டிச் சுவர் கிளைமின் ஃபைலைத் தேடித் தரும்படி கேட்டேன். ரெக்கார்ட் ரூமிலிருந்து தூசியோடு வந்தது. அதில், சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எழுதிய அறிக்கை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "சுவர் கிழக்கே சாய்ந்ததில் தொட்டியிலிருந்த மஞ்சள் கழிவுநீர் முழுவதும் அடுத்தவர் நிலத்தில் பாய்ந்துள்ளது."

அந்த வரியின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக். பச்சை மை என்னுடையது. சுவருக்கு எவ்வளவு என்பதுதான் அன்று என் வேலை. அடுத்தவர் நிலம் என் ஃபைலில் இல்லை. படித்தேன், டிக் அடித்தேன், ஃபைலை மூடினேன்.

மேனேஜர் அந்த வரியை உரக்கப் படித்தார். தனலட்சுமி என் பக்கம் திரும்பினார்.

"அப்பவே தெரியுமா சார் ஒங்களுக்கு?"

"படிச்சேம்மா. யார் நிலம்னு கேக்கல," என்றேன்.

அவர் குனிந்து அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மேனேஜரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். அங்கேயே எழுதினேன்: இந்த டிக் என்னுடையது, சேதம் நடந்ததை அந்த மாதமே கம்பெனியின் அதிகாரியாகிய நான் அறிவேன், மேல் நடவடிக்கை எடுக்காதது என் தவறு. கம்பெனிக்குத் தெரியாது என்று இனி எந்த ரீஜனல் ஆபீஸும் சொல்ல முடியாது. என் முப்பத்திரண்டு வருடத்தில் மிக உபயோகமான ஆவணம் என் அலட்சியம்தான்.

"சார், பென்ஷனுக்கு ஏதாவது..." என்று இழுத்தார் மேனேஜர்.

"அந்த ரூலும் எனக்குத் தெரியும்மா. ஃபார்வர்ட் பண்ணுங்க."

3. மண்

எட்டு மாதம், பதினோரு கடிதம். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். தனலட்சுமியின் நிலத்துக்கு மட்டும்தான். பட்டறையின் சொந்த மனைக்கு அந்தப் பாலிசி பொருந்தாது. அந்த மனையை ராஜவேலு துருப்பிடித்த தொட்டிகளை விற்றுச் சுத்தம் செய்தார். தார்ப்பாய் போர்த்திய லாரிகள் கெட்ட மண்ணை அள்ளிப் போயின. போரிலிருந்து பல மாதம் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள்.

சென்ற மார்கழி முடிவில் பரிசோதனை அறிக்கை வந்தது. குடிக்கலாம். நான் அதைப் படித்துக்காட்டியபோது ராஜவேலு முட்டி வலியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இன்று கிளைகளில் நான் இருந்த நாற்காலியில் இருப்பவர்களுக்கு: முடிந்த பாலிசியைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். சர்வேயர் எழுதியதில் உங்கள் கிளைமுக்குச் சம்பந்தமில்லாத வரி இருந்தால், டிக் அடிக்கும் முன் அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். கிளையிலிருந்து அந்த நிலத்துக்கு ஒரே பஸ். நான் ஏறவில்லை.

அறிக்கை வந்த அன்று கிளம்பும்போது தனலட்சுமி அறிக்கையை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் சார். ஒங்க ரெண்டு பேர்ட்டயும் குடுத்தா, வர்ற போகிக்குத் தாங்காது."