அவர் பேரில் வந்த ஓட்டு

எங்கள் தொகுதியில் இதுவரை எந்தக் கட்சிகள் ஜெயித்தன என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பேன். முதலில் கதர்ச் சட்டைக்காரர்கள். அப்போது ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் மிராசுதார் வீட்டு ஆள், இன்னொருவர் எங்கள் சனத்தில் அந்த மிராசுதாருக்குப் பிடித்த ஆள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பண்ணையாளாக இருந்த என் அப்பா முதல் ஓட்டுப் போடப் போனபோது பெட்டியைக் கும்பிட்டு, சீட்டை அதன் தலைமேல் பயபக்தியோடு வைத்துவிட்டு வந்துவிட்டார். உள்ளே போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராது, ஆத்திரம்தான் வரும்.

பிறகு கழகத்து அலை அடித்தது. தொகுதியை வெட்டி ஒட்டித் தனித்தொகுதி ஆக்கினார்கள். நிற்பது எங்கள் ஆள்தான், ஆனால் எந்த ஆள் என்று முடிவாவது மேலத்தெருவில். கழகம் இரண்டாக உடைந்ததும் ஒரு தடவை இவர்கள், ஒரு தடவை அவர்கள். நடுவே எப்போதாவது எங்கள் செங்கொடி எட்டிப் பார்க்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனதற்குக் காரணம் அரசியல் ஆர்வம் இல்லை. கழகம் உடைந்த பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலும் என் வீட்டுக்காரர் இல்லாமல் வந்த ஒரு தேர்தல், அவ்வளவுதான்.

அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்திய வருஷம், மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார். வரப்பில் கைகலப்பு. வந்த ஆட்களில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. மறுநாள் விடியும்போது போலீஸ் எங்கள் தெருவுக்குள் நின்றது. அவர் கொல்லைப்பக்கமாக வாய்க்காலில் இறங்கினார். “யார் கேட்டாலும் வெளியூர் போயிருக்காருன்னு சொல்லு. நாலு நாள்ல வந்துடுவேன்” என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிள்ளை குட்டி இல்லை.

நாலு நாள் நாலு வருஷமானது. வேதாரண்யத்து உப்பளத்தில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொல்ல, பஸ் ஏறிப் போனேன். “இடது கை ஆள்காட்டி விரல் கோணலா, அருவா வெட்டின தழும்போட ஒருத்தர் இருந்தாரும்மா. போன வாரம்தான் எங்கியோ போனாரு” என்றார் அங்கிருந்த மேஸ்திரி. அவரேதான். ஒரு வாரத்தில் தவறவிட்டேன். வெள்ளை வெளேரென்று கொட்டிக் கிடந்த உப்புக்கு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அவரைத் திட்டினேன். அதன்பிறகு ஒரு பெரும்புயல் அந்தக் கடற்கரையைப் புரட்டிப் போட்டது. புயலுக்குப் பின் அவரைப் பார்த்ததாக ஒருத்தரும் வந்து சொல்லவில்லை.

வழக்கைச் சில வருஷங்களில் கைவிட்டுவிட்டார்கள். ரேஷன் கார்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் மட்டும் அவர் இருந்தார். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் நான் கிளிப்பிள்ளை மாதிரி, “இருக்காருங்க, வேலைக்கு வெளியூர் போயிருக்காரு” என்பேன். அவர்களும் எழுதிக்கொண்டு போவார்கள். புதுப் பட்டியல் வந்ததும் முதல் வேலையாக என் பெயரையல்ல, அதற்கு மேல்வரியைத்தான் தேடுவேன். இருக்கும். வயதுகூடச் சரியாக ஏறியிருக்கும். அன்றைக்கு மட்டும் இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வைப்பேன். பைத்தியக்காரி என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

எட்டாவது வரை படித்தவள், பட்டியலைப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் ஒரு சட்டமன்றத் தேர்தலில் எங்கள் கட்சிக்குப் பூத் ஏஜெண்டாக என்னை உட்காரச் சொன்னார்கள். “இந்தத் தடவை வெளியூர் ஆளுங்களை வச்சுக் கள்ள ஓட்டுப் போடப் போறாங்கக்கா. செத்தவங்க, ஊர்ல இல்லாதவங்க பேரெல்லாம் எடுத்து வச்சிருக்காங்க. ஒண்ணுகூட விடாதீங்க” என்று சங்கத்துத் தம்பிகள் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சி ஏஜெண்ட், மிராசுதாரின் காரியஸ்தர். ஒரு காலத்தில் அவர் முன்னால் நாங்கள் நிற்கக்கூட முடியாது. இப்போது முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

வெயில் ஏறி, கூட்டம் குறைந்த மத்தியானம். வந்தவரின் சீட்டை வாங்கி அலுவலர் வரிசை எண்ணைச் சொல்லிப் பெயரைச் சத்தமாகப் படித்தார். என் வீட்டுக்காரர் பெயர். அப்பா பெயரோடு, ஐம்பது வயதோடு.

 நிமிர்ந்து பார்த்தேன். நரைத்த தலை, ஒட்டிய கன்னம், தோளில் துண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், கள்ள ஓட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்துட்டாரு என்றுதான் தோன்றியது. இத்தனை வருஷத்தில் முகம் மாறாதா, நிறம் கறுக்காதா, உயரம்கூடக் குறையாதா என்று நானே அந்த முகத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்காரரிடம் இடது கையை நீட்டினார்.

விரல் நேராக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

“நிறுத்துங்க சார், இவரு அவரு இல்லை” என்று எழுந்துவிட்டேன்.

“நான்தாங்க” என்றார் அந்த ஆள், தரையைப் பார்த்துக்கொண்டு.

தலைமை அலுவலர் என்னிடம் வந்தார். “இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் அவரு பொஞ்சாதிங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். காரியஸ்தர் சாவகாசமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “வெளியூர் போயிருக்காருன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லி எழுத வச்சது நீதானே? வெளியூர்லேர்ந்து வந்துட்டாரு. இப்ப இல்லைங்கிறியே!”

பாவி, சரியாகத்தான் மடக்கினார். அலுவலர் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தி, “அப்ப உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு? சொல்லுங்க. சொன்னாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்” என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நேரான விரலில் மை வைத்து, அவர் பெயரில் ஒரு ஓட்டு மிராசுதாரின் ஆளுக்கு விழும். எந்த மிராசுதாரை எதிர்த்து வாய்க்காலில் இறங்கி ஓடினாரோ அந்த மிராசுதாரின் ஆளுக்கு. அதற்கு நான் சாட்சியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மாட்டேன்.

“செத்துட்டாருங்க” என்றேன். “புயல்ல போயிட்டாரு. இருந்தா வந்திருப்பாரு.”

 வந்த ஆள் கையை இழுத்துக்கொண்டு, “எனக்குத் தெரியாதும்மா, சீட்டைக் குடுத்துப் போகச் சொன்னாங்க” என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அலுவலர் தன் பட்டியலில் அந்த வரிக்கு நேரே ‘இறந்தவர்’ என்று எழுதினார். நானும் என் பட்டியலில் எழுத வேண்டும். எழுதினேன். 

பெட்டிக்குச் சீல் வைக்கும் வரை ஏஜெண்ட் எழுந்து போகக் கூடாது. அடுத்த மூன்று மணி நேரம் பெயர்கள் வர வர, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன். காரியஸ்தர் தனக்கு வந்த சோடாவை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது சங்கத்துத் தம்பிகள் ஓடிவந்து, “அக்கா, பிரமாதம்! கையும் களவுமா புடிச்சிட்டீங்க!” என்றார்கள். ஒரு கொடியைக்கூட என் கையில் கொடுத்தார்கள்.

வரிசையில் நின்றவர்கள் எனக்கு முன்னால் செய்தியைக் கொண்டுபோய்விட்டார்கள். என் வாசலில் தெருப் பெண்கள் எல்லாரும் தலையை விரித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பக்கத்து வீட்டிலேயே இருந்த என் நாத்தனார், அவருடைய அக்கா, மாரில் அடித்துக்கொண்டிருந்தார். நான் கொடியோடு வந்து நின்றதும் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அடிப் பாவி, எந்தம்பி செத்தத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. யாரோ ஒரு ஆபீசர்கிட்ட போயிச் சொல்லிட்டு வர்றியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“அந்த ஆபீசர்தான் கேட்டாரு அண்ணி” என்றேன். “உங்க தம்பி எங்கேன்னு இத்தனை வருஷத்துல எங்கிட்ட கேட்ட ஒரே ஆளு அவருதான்.”